கோலாலம்பூருக்குக் குடிவருகிறீர்களா? முதலில் அடுப்பைப் பாருங்கள்

கோவையிலிருந்து குடும்பத்தோடு வருகிறீர்கள். கணவருக்கு சைபர்ஜெயாவில் வேலை, பள்ளிக்குப் போகும் பையன் ஒருவன், கூடவே சுத்த சைவமான மாமியார். "தினமும் வீட்டுச் சமையல் நடக்குமா, கிரைண்டரைக் கொண்டுவரலாமா, மளிகையில் எதையெல்லாம் பெட்டியில் கட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமையல் தாராளமாக நடக்கும். கிரைண்டர் வேண்டாம். மளிகை அநேகமாக ஒன்றுமே வேண்டாம். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, பார்க்கப்போகும் வீட்டில் எந்த வகை அடுப்பு என்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அதை மாற்ற முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாடகை விளம்பரங்களில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் பத்துப் படம் வரும். சமையலறைக்கு ஒரு படம், அதுவும் தூரத்திலிருந்து. கூடத்தோடு ஒட்டித் திறந்து கிடப்பதை டிரை கிச்சன் என்பார்கள். பின்பக்கம் கதவு போட்டு, ஜன்னல் வைத்து, துணி காயப்போடும் இடத்தை ஒட்டி இருப்பது வெட் கிச்சன். தாளித்து வறுத்து மீன் பொரிக்கும் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் சமையலறை. முதலாவது டீ போடவும் ரொட்டி வாட்டவும் ஆகும், அவ்வளவே. புதுக் கட்டடங்களில் சின்ன வீடுகளுக்கு டிரை கிச்சன் மட்டுமே இருப்பது சகஜம். மேலே தொங்கும் புகைபோக்கி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் மிளகாய் வறுத்த நெடி சோபாவில் குடியேறிவிடும். 'லைட் குக்கிங் மட்டும்' என்று சில வீட்டுக்காரர்கள் விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். அது யாரை மனதில் வைத்து எழுதியது என்று உங்களுக்கே புரியும். வாதாடி அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு ரசத்துக்கும் பயந்து சாக வேண்டும். அடுத்த வீட்டைப் பாருங்கள்.

முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை. தண்ணீர், மின்சாரத்துக்கு இன்னொரு அரை மாதம். முதல் மாத வாடகை தனி. இந்த முன்பணத்தைத் தின்பது பெரும்பாலும் மஞ்சள் கறையும் புகைபோக்கிப் பிசுக்கும்தான். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்டுப் பலகை, பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் கழுவி பால்கனி வெயிலில் வைத்தால் கறை போய்விடும். வெள்ளைக்கல் மேடையைத் தூக்கி வெயிலில் வைக்க முடியாதே! அதனால் மேடைமேல் அகலமான ஒரு எவர்சில்வர் தாம்பாளம் போட்டு, மசாலா வேலை முழுவதையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அடுப்பு. தரை வீடாக இருந்தால் சிலிண்டர், இங்கே பேச்சில் கேஸ் தோங். வீட்டு உபயோகத்துக்கு 14 கிலோ தோங். பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டு விலை கிலோ 1.90 வெள்ளி, ஆகத் தோங் 26.60 வெள்ளி. ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறோம், காது பழகிக்கொள்ளட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டித் தரும் கூலி தனி. ஊரிலிருந்து ரெகுலேட்டர் கொண்டுவந்தால் பொருந்தாது. மாடிக் குடியிருப்புகளில் குழாய் எரிவாயு இருந்தால் உங்களுக்கு யோகம். தோங் ஏற்றவே கூடாது என்று நிர்வாகம் தடை போட்டிருக்கும் கட்டடங்களும் உண்டு. அங்கே மின் அடுப்புதான்.

மின் அடுப்பிலும் இரண்டு உண்டு, பார்க்க இரண்டும் கறுப்புக் கண்ணாடி. செராமிக் என்றால் அடி தட்டையாக உள்ள எந்தப் பாத்திரமும் சூடேறும். இண்டக்ஷன் என்றால் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் இப்போதே வைத்துப் பாருங்கள். அலுமினிய குக்கர், அலுமினிய இட்லிப் பானை, ஈயச்சொம்பு, கல்சட்டி எல்லாம் தோற்றுவிடும். எவர்சில்வரிலும் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. வீடு முடிவாகும் வரை எந்தப் பாத்திரத்தையும் கப்பலில் ஏற்றாதீர்கள்.

இரும்பு தோசைக்கல்லில் காந்தம் ஒட்டும், ஆனாலும் இண்டக்ஷனில் தோசை சரியாக வராது. கண்ணாடிக்குக் கீழே சுருள் இருக்கும் வட்டம் வரைதான் சூடு. அதைவிடப் பெரிய கல்லில் நடுவில் கருகி ஓரம் வெள்ளையாக நிற்கும். மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் போல் கல்லை வைத்து, சூடு ஓரம் வரை பரவிய பிறகு மாவு ஊற்றினால் ஓரளவு தேறும். கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கண்ணாடி கீறிக்கொள்ளும். சிலர் சின்னக் கேஸ் டப்பா போடும் கையடக்க அடுப்பை வாங்கி அதில் தோசை சுடுகிறார்கள். வாங்கலாம், ஆனால் அதில் பெரிய கல்லை மட்டும் ஏற்றக்கூடாது. கல் டப்பா இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் சூடு கீழே இறங்கி டப்பா வெடிக்கும் அபாயம் நிஜமானது. சின்னக் கல், ஜன்னல் திறந்த இடம், இரண்டும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கிரைண்டருக்கு வருவோம். கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரரிடம் அது வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மின்சாரம் ஒத்துப்போகும், இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எடைதான் சங்கடம். மேசைக் கிரைண்டர் ஒன்று விமானப் பெட்டியில் பாதியைத் தின்றுவிடும். இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும் நம்மூர்க் கிரைண்டர்கள் கிடைக்கின்றன. மிக்ஸியைக் கொண்டுவாருங்கள், கூடுதல் ஜார், பிளேடு, வாஷரோடு. குக்கருக்கு கேஸ்கட்டும் விசிலும் இரண்டிரண்டு. இங்கே சுவரில் இருப்பது பட்டையான மூன்று முள் துளை. அடாப்டரில் தொங்கவிடுவதைக் காட்டிலும் ஹார்டுவேர் கடையில் 13 ஆம்பியர் பிளக் வாங்கி வயரில் மாட்டிவிடுவது உறுதியானது. மாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் கிரைண்டர் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் காவலாளியிடம் புகார் சொல்வார். அடியில் தடித்த துண்டை மடித்துப் போட்டு, மாலையிலேயே ஆட்டி முடியுங்கள்.

மாவு இங்கே நம்மூர்க் கணக்கில் புளிக்காது. கோவையில், அதுவும் மார்கழியில், போர்வை போர்த்திப் பொங்க வைத்த பழக்கம் இருக்கும். கோலாலம்பூரில் வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24, 25. அதிலும் சமையலறை இன்னும் சூடு. ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், இரவு முழுக்க விட்டால் காலையில் புளித்து வழிந்து கிடக்கும். உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டினால் அரைக்கும்போதே சூடாகாமல் மாவு பந்தாக எழும்பும். வெந்தயம் பாதி போதும். உப்பை ஆட்டி முடித்ததும் போட்டுக் கரைத்துவிடுங்கள், புளிப்பைக் கொஞ்சம் அடக்கும். மாவு பாத்திரத்தில் ஒன்றரை மடங்கு ஏறியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள், இரண்டு மடங்கு ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். சைபர்ஜெயா வேலைக்கும் பள்ளிக்கும் ஆட்கள் கிளம்பும் வீட்டில் இதற்குத் தோதான நேரம் மாலை ஆறு மணிக்கு ஆட்டி, படுக்கப்போகும்முன் ஃபிரிட்ஜில் வைப்பது. மாவு நான்கு மணி நேரம்தானே வெளியே இருந்தது என்று தோன்றும். தோசைக்கு அது தாராளம், இட்லிக்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஈரப்பதம்தான் இங்கே கண்ணுக்குத் தெரியாத எதிரி. ரவையில் வண்டு, உப்பில் தண்ணீர், முறுக்கில் நமப்பு. ரவை, மைதா, கடலை மாவு, சாம்பார் பொடி எல்லாம் ஃபிரிட்ஜில். மாமியார் வடகம், வத்தல் போட ஆசைப்பட்டால் வெயில் காலையில்தான் நம்பிக்கையானது. மதியத்துக்குமேல் இடியோடு மழை வரும், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் தினமும் வந்தால்கூட ஆச்சரியமில்லை. நனைந்த வடகம் ஒரே ராத்திரியில் பூசணம் பூத்துவிடும்.

பெட்டியில் கட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தம்புசாமிப் பிள்ளை 1873-ல் மாரியம்மன் கோயில் எழுப்பிய ஊர் இது. அதற்கும் முன்பே, 1833-ல், பினாங்கில் குவீன் தெரு மாரியம்மன் கோயில் வந்துவிட்டது. இங்கே லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். இத்தனை தலைமுறைத் தமிழர்கள் சாப்பிட்ட ஊரில் கடுகும் பெருங்காயமும் கிடைக்காமல் போகுமா? பொன்னி புழுங்கல், இட்லி அரிசி, ராகி மாவு, கொள்ளு, அப்பளம், எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளில் வரிசையாக இருக்கின்றன. அரிசிக்கு மட்டும் விலை கொஞ்சம் உறுத்தும். அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது, பொன்னி அந்த வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்குப் பிடித்த சாம்பார் பொடி ஒரு வருஷத்துக்கு, மாமியார் கைப்பட இடித்த பருப்புப் பொடி, சந்தகை பிழிய உங்களுக்குப் பழகிய நாழி, இவை போதும். செடி, விதை, காய், பழம், இறைச்சி, முட்டை, பால் பொருள் எதுவும் அனுமதி இல்லாமல் வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலைக் கன்றைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துவரும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் பாதி வாசலில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது, கேட்டால் ஒடித்துத் தருவார்கள். கசகசாவையும் கொண்டுவராதீர்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் அது போதைப்பொருள் ஒழிப்புத் துறை கண்காணிக்கும் சரக்கு, அங்கே விமானம் மாறி வருவதாக இருந்தால் வீண் வம்பு. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம்.

பேரங்காடியில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் சில பொருட்கள் காலை வாரும். மிஞாக் பீஜான் என்று பாட்டிலில் இருப்பது எள் எண்ணெய்தான், ஆனால் எள்ளை வறுத்து ஆட்டிய சீனப் பக்குவம். இட்லிப் பொடியில் ஊற்றினால் நூடுல்ஸ் வாசம் அடிக்கும். நல்லெண்ணெயை இந்தியக் கடையில் வாங்குங்கள். டால் என்று பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் மைசூர்ப் பருப்பு, சாம்பாருக்குத் துவரம்பருப்பு என்று சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளூர்க் காப்பித்தூள் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, ஃபில்டரில் போட்டால் இறங்கவும் இறங்காது, டிகிரி காப்பியும் ஆகாது. அதைத் துணிப்பையில் வடிகட்டிக் கோப்பியாகக் குடித்தால் அருமை. தேயிலையில் கேமரன் மலை போ தேயிலை 1929-லிருந்து இருக்கிறது, அதை நம்பலாம். ஒரு கிலோ பையில் 2.50 வெள்ளிக்கு வரும் மானிய எண்ணெய் உள்ளூர்க் குடும்பங்களுக்கானது, நீங்கள் பாட்டில் எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேங்காய் விஷயத்தில் இந்த ஊர் சொர்க்கம். பசாரில் நின்ற இடத்தில் தேங்காயை உடைத்து இயந்திரத்தில் துருவித் தருவார்கள், சாந்தான் வேண்டுமென்றால் பாலாகவே பிழிந்து தருவார்கள். சட்னிக்கு வாங்கும்போது 'கெலாப்பா பூத்தே' என்று கேளுங்கள், பழுப்புத் தோலைச் சீவிவிட்டு வெள்ளையாகத் துருவுவார்கள். சொல்லாவிட்டால் தோலோடுதான் வரும், குழம்புக்குப் பரவாயில்லை, சட்னி பழுப்பாகிவிடும். வெளியில் மதியம் வரை வைத்தாலே புளித்துவிடும் என்பதால் வாங்கிய உடனே ஒருவேளைக்கு ஒரு பையாகத் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் போடுங்கள், ஓரத்தை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். (தேங்காய் மோகம் என்றால் பினாங்குத் தைப்பூசத்தைப் பார்க்க வேண்டும். ரதத்துக்கு முன்னால் தெருவில் மலையாகக் குவித்து உடைப்பார்கள்.)

காய்கறிக்கு வாரம் ஒருமுறை பெரிய பசார், இடையில் வீட்டுப் பக்கத்து பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. சௌக்கிட்டும் பூடுவும் பெரியவை, கூட்டம் தாங்கினால் போங்கள். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் மீனும் பார்க்க நன்றாக இருக்கும். வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கை, பூசணி எதற்கும் பஞ்சமில்லை. வல்லாரையைப் பெகாகா என்பார்கள், மலாய்க்காரர்கள் பச்சையாகவே தின்பது. வாழைப்பூவுக்கு ஜந்தோங் பீசாங். சேக்கோர் மானிஸ் என்று கட்டாக இருப்பது நம்மூர்த் தவசிக்கீரை, முட்டையோடு கிளறினாலும் பருப்போடு கடைந்தாலும் நன்றாக இருக்கும். மீனில் கெம்போங் அயிலை, தெங்கிரி வஞ்சிரம், பாவால் வாவல், சியாக்காப் கொடுவா. மீன் குழம்புக்கு அசாம் கெப்பிங் என்ற காய்ந்த வில்லைகளை வாங்கிப் பாருங்கள், குடம்புளியின் உறவு, புளியைவிட மீனுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பது என் கட்சி. சீனக் கடைக்காரரை அங்க்கிள், ஆன்ட்டி என்றும் மலாய்ப் பெண்களை காக் என்றும் கூப்பிட்டால் போதும். தமிழ்க் கடையில் அண்ணே, அக்கா. பேரம் பெரிதாக எடுபடாது, வாடிக்கையாகப் போனால் ஒரு கொத்து மல்லி இலவசமாக வரும்.

மாமியாருக்கு வீட்டில் குறையிருக்காது. வெளியில்தான் கவனம். காய்தானே என்று வாங்கும் கங்கோங் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும், அது இறாலைப் புளிக்க வைத்துச் செய்வது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கு வரும் சம்பலில் நெத்திலி. மாமாக் கடை எனும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் பருப்புக் குழம்பிலும் எலும்பு போட்டிருக்கலாம், டால்ச்சா என்றால் எலும்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீன சைவ உணவகங்களை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். பௌத்த முறையில் நடத்தும் கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூட்டம் அதிகம், நம் விரத நாட்களோடு ஒத்துப்போகும். தட்டில் கோழிக்கால் போலவும் மீன் துண்டு போலவும் இருப்பதெல்லாம் சோயாவும் காளானும். அதைப் பார்த்ததும் மாமியார் முகம் சுளித்தால், அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இங்கே வரும் நம்மூர்க் குடும்பங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நம்மூர் ஐ.டி. குடும்பங்களோடு மட்டும் பழகி, நம்மூர்ப் பொடியைக் கொண்டே சமைத்து, நான்கு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டு மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் கறி எப்படி இருக்கும் என்று தெரியாமலே கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கும் இந்த பசாருக்கும் ஏற்றபடி தமிழ்ச் சமையலை வளைத்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். டின் சார்டினை வெங்காயம், மிளகாய் விழுது, கொஞ்சம் புளி போட்டுப் பிரட்டுவார்கள், மழை நாளில் பத்து நிமிடக் குழம்பு. கறுப்புக் கிச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றிய கோழி வறுவல் உங்கள் பையனுக்கு முதல் நாளே பிடித்துவிடும். பாபாஸ், அலகப்பா என்று உள்ளூர்க் கறித்தூள்கள் இருக்கின்றன, மீனுக்குத் தனி, இறைச்சிக்குத் தனி. சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும், சாம்பாருக்கு ஆகாது, மட்டனுக்கு இதைவிட்டால் வேறில்லை. புட்டு மாயம் என்று தேங்காயும் சர்க்கரையும் தூவித் தருவது உங்கள் சந்தகையின் தங்கச்சி. பாயசத்துக்கு வெல்லம் தீர்ந்த அன்றைக்கு குலா மலாக்கா போடச் சொல்லித் தந்ததும் அவர்கள்தான். வீடு பார்க்கும்போதே அக்கம்பக்கத்தில் ஒரு தமிழ்த் தாமான் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சைபர்ஜெயாவுக்குப் பயணம் அரைமணி கூடினாலும் பரவாயில்லை.

தீபாவளிக்கு இங்கே திறந்த இல்லம் வைப்பது வழக்கம். அலுவலக நண்பர்கள், மாடிக்காரர்கள், காவலாளி வரை வருவார்கள். முஸ்லிம் விருந்தினர் உண்டென்றால் கோழியும் ஆடும் ஹலால் கடையில் வாங்கி, அதை அவர்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். தட்டு விஷயத்தில் தயங்குவார்கள், காகிதத் தட்டு வைத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. முழுச் சைவமாக வைத்தால் இன்னும் சுலபம், மாமியாருக்கும் மகிழ்ச்சி. மாட்டிறைச்சி மேசைக்கு வரவே வேண்டாம். முறுக்கை மட்டும் காற்றுப்புகாத டின்னில் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டு வையுங்கள், கிளம்பும்போது தப்பாவ், அதாவது பொட்டலம், கேட்பார்கள்.